அறுபத்தேழாம் பிரிவு: ஒரு கார், ஒரு வாக்குமூலம், பதினாறு ஆண்டுகள்

போதைப்பொருள் பிடிபட்ட செய்தியோடு வரும் படம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேசை மேல் வரிசையாக அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் நிற்கும் அதிகாரிகள், கீழே 'சர்வதேசச் சந்தையில் மதிப்பு இத்தனை கோடி' என்று ஒரு வரி. பார்க்கிறவருக்கு வழக்கு முடிந்துபோன மாதிரி தோன்றும். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அது அங்கேதான் தொடங்குகிறது. பொட்டலத்தில் இருப்பது ஹெராயின்தானா என்பதைவிட, அது யாருடையது, எப்படித் தெரிந்துகொண்டு போனீர்கள், எத்தனை மணிக்கு எந்தத் தாளில் எழுதினீர்கள் என்பதில்தான் சண்டை நடக்கும். போதைப்பொருள் வழக்கு பெரும்பாலும் காகித வழக்கு. பிடித்த அன்று எழுதிய நாலைந்து தாள்களை வைத்தே தண்டனையோ விடுதலையோ அமையும்.

இங்கே எடுத்துக்கொள்வது 'டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு' என்ற வழக்கு. பெயரில் தமிழ்நாடு அரசு இருந்தாலும் வழக்கை நடத்தியது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம், சுருக்கமாக என்.சி.பி. 2004-இல் சென்னையில் தொடங்கிய வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது: என்.சி.பி. அதிகாரி போலீஸா, இல்லையா? கேட்பதற்கு வேடிக்கையான கேள்விதான். ஆனால் போலீஸிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, 67-ஆம் பிரிவில் என்.சி.பி. வாங்கும் ஒப்புதல் செல்லும் என்று இருந்ததால், நாடு முழுக்க எத்தனையோ பேரின் சிறைக்காலம் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான்

சென்னை என்.சி.பி. அலுவலகத்துக்கு ஒரு துப்பு வருகிறது. ஹெராயின் கைமாறப் போகிறது, கார் வரும் என்று தகவல். அதிகாரிகள் போய்க் காரை மறிக்கிறார்கள். ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் ஹெராயின் சிக்குகிறது. போதைப்பொருள் குற்றங்களுக்கான என்.டி.பி.எஸ். சட்டத்தில் ஹெராயின் 5 கிராம் வரை 'சிறிய அளவு', 250 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு'. அப்படியானால் பிடிபட்டது வணிக அளவைப்போல இருபது மடங்கு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும். அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

பிடிபட்டவர்களில் ஒருவர்தான் பின்னால் வழக்குக்குப் பெயராகிப்போனவர். அவருக்குப் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு விதித்தது. 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் தரப்பு எழுப்பிய முக்கியமான வாதம் ஒன்று: என்.சி.பி. அதிகாரி முன்னால் இவர் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் இவருக்கு எதிராக மிச்சம் என்ன இருக்கிறது?

2013 அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இதைக் கேட்டது. முந்தைய தீர்ப்புகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்து, பெரிய அமர்வுக்கு அனுப்பிவைத்தது. 10 ஆண்டுத் தண்டனையில் ஒன்பது ஆண்டுக்கு மேல் ஏற்கெனவே கழித்துவிட்டார் என்பதால் ஆளை ஜாமீனில் விட்டது. பெரிய அமர்வு பதில் சொல்ல மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

பணியகம் என்றால் என்ன, என்ன இல்லை

என்.டி.பி.எஸ். சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. நான்கு மாதம் கழித்து, 1986 மார்ச் 17 அன்று, அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் கொண்டு என்.சி.பி. அமைக்கப்பட்டது. முதலில் நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தது, பிறகு உள்துறைக்கு மாறியது. நிதி அமைச்சகத்தில் பிறந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் போலீஸ் இல்லை' என்ற வாதத்துக்குப் பின்னால் நிற்பது சுங்கத் துறை, கலால் துறை ஆகியவற்றின் பரம்பரைதான்.

போதைப்பொருள் என்றாலே என்.சி.பி.தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுங்கத் துறை, வருவாய்ப் புலனாய்வு இயக்ககமான டி.ஆர்.ஐ., மத்திய போதைப்பொருள் துறையான சி.பி.என்., கடலோரக் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மாநில போலீஸ் என்று இந்தச் சட்டத்தில் அதிகாரம் பெற்றவர்கள் ஒரு பட்டாளமே உண்டு. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், டால்க் கல் என்று சொல்லி ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக வந்த கண்டெய்னர்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் சிக்கியதே, அதைப் பிடித்தது டி.ஆர்.ஐ. அப்புறம் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.விடம் போனது. குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட சி.பி.என். பார்ப்பது வேறு வேலை: மந்தசௌர், நீமச், சித்தோர்கர் பக்கம் மருந்துக்காக அபினி பயிரிடும் விவசாயிகளுக்கு உரிமம் கொடுத்து, விளைந்ததை வாங்குவது.

இத்தனை பேருக்கும் நடுவே தகவலை ஒருங்கிணைப்பதும், வெளிநாட்டு அமைப்புகளோடு பேசுவதும், 1961, 1971, 1988 ஐ.நா. உடன்படிக்கைகளில் இந்தியா ஏற்ற கடமைகளைக் கவனிப்பதும் என்.சி.பி.யின் அடிப்படைப் பொறுப்பு. சோதனையும் கைதும் அதோடு சேர்ந்து வருபவை. ஆட்களில் கணிசமானோர் போலீஸிலிருந்தும் சுங்கத்திலிருந்தும் துணைப்படைகளிலிருந்தும் சில ஆண்டுகளுக்கு அயல்பணியில் வருபவர்கள். இதன் பலன் நீதிமன்றத்தில்தான் தெரியும். காரை மறித்த அதிகாரி, விசாரணை தொடங்கும்போது வேறெங்கோ வேறு வேலையில் இருப்பார். அங்கிருந்து ரயிலேறி வந்து, எப்போதோ எழுதிய தாளைப் பார்த்துச் சாட்சி சொல்வார். தாளில் இல்லாததை அவரால் சொல்ல முடியாது. சொன்னாலும் குறுக்கு விசாரணையில் நிற்காது.

தாள்களின் வரிசை

சரி, அந்தத் தாள்கள் என்னென்ன?

முதல் தாள் துப்பு. யாரோ போனில் சொன்னார்கள், கிளம்பிப் போனோம் என்று சொல்ல முடியாது. 42-ஆம் பிரிவுப்படி வந்த தகவலை எழுத வேண்டும், அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். 2001-க்கு முன்னால் 'உடனடியாக' என்றுதான் சட்டத்தில் இருந்தது. 'உடனடி' என்றால் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு மாதிரி சொன்னதால் 72 மணி நேரம் என்று திருத்தினார்கள். சொன்னவர் யார் என்பதை அதிகாரி வெளியே சொல்ல வேண்டியதில்லை. 68-ஆம் பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் தகவல் வந்ததையே எழுதவில்லை என்றால் பாதுகாப்பு ஏதும் கிடையாது. தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், எழுதாமலே விட்டால் வழக்கு போச்சு என்று 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

பொது இடத்தில் பிடித்தால் 43-ஆம் பிரிவு. இந்த எழுத்துவேலை குறைவு. அதனால் சாலையில் போகும் கார் பொது இடமா என்ற கேள்வி வழக்கறிஞர்களுக்கு வெல்லக்கட்டி. சாலை பொது இடம்தான், ஆனால் தனியாருடைய வாகனம் அந்த விளக்கத்துக்குள் வராது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் எல்லோரையும் விடுதலை செய்தது.

அடுத்தது 50-ஆம் பிரிவு. ஆளின் உடம்பைச் சோதிப்பதற்கு முன், 'கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். 'வேண்டுமா?' என்று போகிற போக்கில் கேட்பது போதாது. உரிமை என்பதைப் புரியவைக்க வேண்டும் என்று 1999-லும் 2010-லும் அரசியல் சாசன அமர்வுகள் அழுத்திச் சொல்லியிருக்கின்றன. பை, பெட்டி, வாகனத்துக்கு இது பொருந்தாது, உடம்புக்கு மட்டும்தான். இந்தக் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது சென்னை மாதிரி ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. பிடிபட்டவர் இந்திக்காரர், அதிகாரி தமிழர், கடிதம் ஆங்கிலத்தில் என்றால் கையெழுத்துக்கு மேலே இருப்பதை யார் யாருக்கு விளக்கினார் என்று கேட்பார்கள்.

பிறகு மகஜர். பறிமுதல் எப்படி நடந்தது என்று நிமிடக்கணக்கில் எழுதி, அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவது. எழுதிப் பார்த்தால் சுலபம். நடுத்தெருவில் போதைப்பொருள் பிடிக்கும் இடத்தில் 'நான் சாட்சியாக வருகிறேன்' என்று யார் முன்வருவார்கள்? வருகிறவரும் விசாரணையில் பிறழ் சாட்சி ஆகிவிடுவார். கொஞ்சம் தூளை எடுத்து மார்க்விஸ் கரைசலில் போட்டால் ஊதா நிறம் வரும். அபினி வகை என்று அந்த இடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அது அதிகாரியின் திருப்திக்குத்தான். நீதிமன்றத்துக்கு ஆய்வக அறிக்கை வேண்டும், அந்த அறிக்கை பேசுவது இந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் என்பதற்கு முத்திரை வேண்டும், முத்திரை உடையவில்லை என்பதற்குப் பதிவேடு வேண்டும்.

மாதிரி எடுப்பதே தனிக் கதை. நீண்ட காலம் பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்துவிடுவார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம், 52-ஏ பிரிவைக் காட்டி, மாஜிஸ்திரேட் முன்னால்தான் எடுக்க வேண்டும், பட்டியலையும் படங்களையும் அவர் சான்றளிக்க வேண்டும் என்றது. சேமிப்பறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் சரக்கை அழிக்காமல் வைத்திருந்தால் அது மறுபடி சந்தைக்கே போய்விடும் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நியாயமான கவலை. 2022 டிசம்பரில் பறிமுதலுக்கும் மாதிரிக்கும் அழிப்புக்கும் தனி விதிகளே வந்தன.

கைதுக்குப் பிறகு 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை, இது 57-ஆம் பிரிவு. அப்புறம் ரிமாண்ட். சாதாரணக் குற்றங்களில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். இங்கே வணிக அளவு என்றால் 180 நாள். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டினால் ஓராண்டு வரை நீட்டலாம். நடுவில் ஜாமீன் கேட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். விசாரணையே நடக்காத நிலையில் முதல் நிபந்தனையை எப்படி நிரூபிப்பது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். போதாக்குறைக்கு 35, 54 பிரிவுகள்: பொருள் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரியாமல் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில்.

சட்டத்தின் கணக்கு இதுதான். தண்டனை கடுமை, ஜாமீன் அரிது, நிரூபிக்கும் சுமை தலைகீழ். அதற்கு ஈடாக, பிடிக்கிற அதிகாரி ஒவ்வொரு தாளையும் ஒழுங்காக எழுத வேண்டும். நீதிமன்றங்கள் சின்னப் பிசகுக்குக்கூட விடுதலை செய்கின்றன என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வது உண்டு. எனக்கு அந்த அலுப்பில் பாதிதான் ஒப்புதல். பத்தாண்டு சிறைக்கு விலையாக ஒரு கடிதத்தைச் சரியாக எழுதச் சொல்வது பெரிய கேட்பு இல்லை.

குறுக்குவழி

இத்தனை தாளிலும் எங்காவது ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு ஒரு தாள் இருந்தது. அதுதான் பிரிவு 67. நீதிமன்ற வட்டாரத்தில் 'சிக்ஸ்டி செவன் ஸ்டேட்மென்ட்'.

பிரிவைப் படித்தால் அதில் ஒப்புதல் வாக்குமூலம் என்ற சொல்லே இல்லை. அதிகாரி விசாரணையின்போது யாரிடமும் தகவல் கேட்கலாம், ஆவணம் கேட்கலாம், விவரம் தெரிந்தவரை விசாரிக்கலாம். அவ்வளவுதான். ஆனால் வழக்கத்தில் நடந்தது வேறு. பிடித்த ஆளுக்கு 67-ஆம் பிரிவில் சம்மன் கொடுத்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே வாக்குமூலம் எழுதப்படும். எங்கே பிறந்தேன், என்ன படித்தேன் என்று தொடங்கி, சரக்கு யார் கொடுத்தார், யாருக்குக் கொண்டுபோனேன் என்பது வரை பக்கம் பக்கமாக. எழுதி முடித்த பிறகு கைதுக் குறிப்பு. கைதுக்கு முன்னால் தானாகக் கொடுத்தது என்று காட்டத்தான் அந்த வரிசை என்பது எதிர்த்தரப்பின் நிரந்தரக் குற்றச்சாட்டு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியதும், அல்லது சிறையிலிருந்து மனுப்போட்டு, 'மிரட்டி எழுதி வாங்கினார்கள்' என்று அவர் மறுப்பார். எத்தனை நாள் கழித்து மறுத்தார் என்று கணக்குப் பார்த்து, தாமதம் என்றால் மறுப்பைத் தள்ளிவிடுவதும் உண்டு.

இதே ஆளை மாநில போலீஸ் பிடித்திருந்தால்? அதே இடம், அதே சரக்கு, அதே சட்டம். ஆனால் போலீஸிடம் அவர் சொன்ன ஒப்புதலை நீதிமன்றம் தொடக்கூட முடியாது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு போட்ட தடையும் 27-ஆம் பிரிவு தந்த விலக்கும் அப்படி. யார் பிடித்தார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய வாய்ச்சொல்லின் எடை மாறியது.

போலீஸ் இல்லை என்று சொன்ன கதை

25-ஆம் பிரிவு ஏன் வந்தது என்பதற்கு நம்மூர் வரலாறு ஒன்று உண்டு. 1855-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை குறித்து விசாரித்த குழு தன் அறிக்கையைத் தந்தது. வரி கட்டாதவரைத் துன்புறுத்துவதும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லித் துன்புறுத்துவதும் நடந்ததை அது பதிவு செய்தது. அன்றைக்கு வருவாய் வேலையும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்கள் கையில் இருந்தன. போலீஸிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்ற தடை 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது, 1872-இல் சாட்சியச் சட்டத்துக்குக் குடிபெயர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இரண்டு வேலையும் மறுபடி ஒரே ஆள் கையில் சேர ஆரம்பித்தது. சுங்க அதிகாரி ஆளைப் பிடிக்கிறார், சோதிக்கிறார், விசாரிக்கிறார். அவர் போலீஸா? இல்லை, அவருடைய வேலை வரியைக் காப்பது என்றது 1962-இல் உச்ச நீதிமன்றம். 1964-இல் பீகார் கலால் அதிகாரி விஷயத்தில், போலீஸ் நிலைய அதிகாரியின் விசாரணை அதிகாரம் இவருக்கும் இருக்கிறதே, அப்படியானால் போலீஸ்தான் என்றது. 1966-இல் மத்திய கலால் அதிகாரி போலீஸ் இல்லை என்றது. பெயரில் இல்லை, கையில் உள்ள அதிகாரத்தில் இருக்கிறது விஷயம் என்பது 1964 தீர்ப்பின் சாரம்.

என்.டி.பி.எஸ். சட்டத்தின் 53-ஆம் பிரிவு, என்.சி.பி., சுங்கம், டி.ஆர்.ஐ. அதிகாரிகளுக்குப் போலீஸ் நிலையப் பொறுப்பு அதிகாரியின் விசாரணை அதிகாரத்தைத் தர மத்திய அரசுக்கு வழிசெய்கிறது. இனி என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் 1990-இல் ராஜ்குமார் கர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் விசாரணை முடிந்ததும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார், இவர்களோ நீதிமன்றத்தில் புகார் மனு தாக்கல் செய்கிறார்கள், ஆகவே போலீஸ் இல்லை. கடைசித் தாளின் பெயர் வேறு என்பதால் முதல் தாளில் எழுதிய ஒப்புதல் செல்லும்! 2008-இல் கன்னையாலால் வழக்கு அதை இன்னும் இறுக்கி, 67-ஆம் பிரிவு வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. அதே 2008-இல் நூர் ஆகா வழக்கில் வேறொரு அமர்வு, அதிகாரியிடம் தந்த ஒப்புதலை இப்படி நம்புவது சரியில்லை என்று தயங்கியது. இந்த மோதல்தான் 2013-இல் பெரிய அமர்வுக்குப் போனது.

2020: இரண்டுக்கு ஒன்று

மூன்று நீதிபதிகள். நீதிபதி ரோஹின்டன் நாரிமனும் நீதிபதி நவின் சின்ஹாவும் ஒரு பக்கம், நீதிபதி இந்திரா பானர்ஜி மறுபக்கம்.

பெரும்பான்மைத் தீர்ப்பு நீளமானது. அதன் நடுநரம்பு எளிது. 53-ஆம் பிரிவில் விசாரணை அதிகாரம் பெற்றவர், சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுக்குப் போலீஸ் அதிகாரிதான். அவரிடம் தந்த ஒப்புதல் செல்லாது. 67-ஆம் பிரிவு என்பது விசாரணைக்குத் தகவல் திரட்டும் பிரிவு. அதில் எழுதிய ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது. கர்வாலும் கன்னையாலாலும் இனிச் சரியான சட்டம் அல்ல. ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஆனால் போலீஸ் பிடித்தால் பாதுகாப்பு உண்டு, பணியகம் பிடித்தால் இல்லை என்ற நிலை சமத்துவத்துக்கு எதிரானது. கடைசித் தாள் குற்றப்பத்திரிகையா புகார் மனுவா என்பதில் எதுவும் இல்லை. தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனப் பிரிவு 20(3)-ம் இதற்குத் துணை. எந்த அளவுக்குச் சட்டம் கடுமையோ அந்த அளவுக்குப் பாதுகாப்பும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு முழுக்க ஓடும் எண்ணம்.

நீதிபதி பானர்ஜியின் மாற்றுத் தீர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. இந்த அதிகாரிகளின் நோக்கம் போதைப்பொருளைக் கட்டுப்படுத்துவது, பொது ஒழுங்கைக் காக்கும் போலீஸோடு அவர்களைச் சேர்ப்பது சரியல்ல, முந்தைய அமர்வுகள் தெளிவாகச் சொன்னதை மாற்றக் காரணம் இல்லை என்பது அவர் நிலை. வாக்குமூலம் மனமொப்பித் தந்ததா, மிரட்டி வாங்கியதா என்று ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் சோதித்துக்கொள்ளலாம், கதவையே மூட வேண்டாம். நடைமுறையில் யோசித்தால் இந்தக் கவலைக்கு ஒரு நியாயம் உண்டு. கடத்தலில் பெரிய ஆள் சரக்கைத் தொடவே மாட்டான். தொடுகிறவன் ஓட்டுநரோ கூலி ஆளோதான். மேலே உள்ளவனின் பெயர் வருவது பெரும்பாலும் கீழே உள்ளவன் வாயிலிருந்துதான்.

ஆனால் அந்தப் பெயர் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதானே கேள்வி. முப்பது ஆண்டு காலம், பெயரே போதும் என்று நின்றுவிடும் வசதி இருந்தது. யாருடைய போன் யாரோடு பேசியது, பணம் எந்தக் கணக்கில் ஏறியது, விடுதிப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்று தேடுவதை அந்த வசதி தேவையில்லாமல் செய்துவிட்டது. சோம்பேறித்தனம் என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆள்பற்றாக்குறையில் இருக்கும் ஒரு பணியகம் கிடைத்த வழியில் நடந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அதற்குப் பிறகு

முதலில் அடி விழுந்தது ஜாமீன் மனுக்களில். 37-ஆம் பிரிவின் முதல் நிபந்தனையை நினைவிருக்கிறதா, குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம்? ஒருவரிடம் பொருள் எதுவும் சிக்கவில்லை, அவருக்கு எதிராக இருப்பது அவருடைய வாக்குமூலமும் கூட்டாளியின் வாக்குமூலமும் மட்டும் என்றால், இப்போது அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. 2021 டிசம்பரில் சென்னை டி.ஆர்.ஐ. வழக்கு ஒன்றில், ரத்தான ஜாமீனை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் மீட்டுக்கொடுத்தது. 2022 ஜனவரியில் என்.சி.பி. தானே மேல்முறையீடு செய்த வழக்குகளிலும், 67-ஆம் பிரிவைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதவர்களின் ஜாமீனில் கைவைக்க மறுத்தது.

2021 அக்டோபரில் மும்பையில் சொகுசுக் கப்பல் ஒன்றில் என்.சி.பி. நடத்திய சோதனை நாடு முழுக்கப் பேசப்பட்டது. அங்கும் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தபோது, 67-ஆம் பிரிவு வாக்குமூலங்களைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பதை டோஃபான் சிங் தீர்ப்பைக் காட்டிச் சொன்னது. 2022 மே மாதம் பணியகமே தாக்கல் செய்த ஆவணத்தில், அந்த வழக்கில் மிகவும் பேசப்பட்ட இளைஞரான, நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் உட்படச் சிலருக்கு எதிராகப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது.

பணியகத்தின் வேலைமுறையும் மெல்ல மாறியிருக்கிறது. போன் அழைப்புப் பதிவு, வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. பரிமாற்றம், கூரியர் அலுவலகத்து கேமரா. இவற்றைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இல்லையென்றால் அதுவும் வெறும் காகிதம். பொட்டலத்தை வழியில் பிடிக்காமல், கண்காணித்தபடியே போகவிட்டு, பெற்றுக்கொள்ள வருகிறவரைப் பிடிக்கும் முறைக்கு 50-ஏ பிரிவில் முன்பே இடமிருந்தது. வாக்குமூலத்தில் பெயர் வாங்குவதைவிட இது ஆளைக் காட்டும் நேர்வழி. ஆனால் ஆளும் நாளும் நிறைய வேண்டும். சரக்கு கைநழுவிப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அதிகாரிதான். சொத்தைத் தேடி முடக்கும் அதிகாரமும் இதே சட்டத்தில் இருக்கிறது. பெரிய ஆளுக்கு உண்மையில் வலிப்பது அதுதான், ஆனால் செய்தியில் அது பொட்டலங்கள் அளவுக்குப் படமாக வருவதில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய 25-ஆம் பிரிவு இப்போது சாட்சியச் சட்டத்தின் புதிய வடிவத்தில் 23-ஆம் பிரிவு. எண் மாறினாலும் தடை அப்படியே இருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜர் சாட்சி பிறழ்ந்தாலும் வீடியோ பிறழாது என்பது நம்பிக்கை. வீடியோ எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று இப்போது குறுக்கு விசாரணையில் கேட்கிறார்கள்.

பிரிவு 67-இல் இன்றுவரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. சம்மன் இன்றும் போகிறது. ஆள் வருகிறார், எங்கே பிறந்தேன், என்ன படித்தேன் என்பதிலிருந்து எழுதிக்கொள்கிறார்கள், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து வாங்குகிறார்கள், புகார் மனுவோடு இணைக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜாமீன் மனுவின் முதல் பத்தியிலேயே 2020 அக்டோபர் 29 என்ற தேதியை எழுதிவிட்டு அடுத்த ஆதாரம் என்ன என்று கேட்கிறார்.